யார் பக்கம் நியாயம்?



இன்றைய பேச்சு ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. நியாயம் என்ற சொல். எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்த சொல் இது. பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காத பாட்டியும் இதைச் சொல்வாள். நாலு வயதுப் பிள்ளைக்கு இந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம். ஆனால் பொருள் தெரியும். அண்ணனுக்கு இரண்டு முறுக்கும் தனக்கு ஒன்றும் கொடுத்தால், "அவனுக்கு மட்டும் ரெண்டா?" என்று கேட்டு அழும்.

இந்தச் சொல் வாயில் எப்படியெல்லாம் வருகிறது என்று கவனியுங்கள்.

சந்தையில் தக்காளி வாங்கும்போது, "நியாயமான விலையாச் சொல்லுங்க" என்கிறார்கள். இங்கே நியாயம் என்றால் அளவு. அதிகமும் இல்லாமல், விற்பவருக்கு நட்டமும் இல்லாமல், நடுவில் ஒரு விலை. அளவு மீறினால் அதற்குப் பெயர் அநியாயம். அநியாய விலை, அநியாய வெயில், அநியாயக் கூட்டம் என்று சொல்வதில்லையா? வெயில் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. அளவு மீறிவிட்டது, அவ்வளவுதான். "அநியாயத்துக்கு நல்லவர்" என்று ஒருவரைப் பாராட்டுவதும் உண்டு!

வேலித் தகராறு வருகிறது. ஊர்ப் பெரியவர் என்ன சொல்கிறார்? "முதல்ல உன் நியாயத்தைச் சொல்லு. அப்புறம் அவன் நியாயத்தை அவன் சொல்லட்டும்" என்கிறார். இங்கே நியாயம் என்றால் ஒருவருடைய பக்கம். அவருடைய வாதம். வேலி ஒன்றுதான். ஆனால் நியாயம் இரண்டு. எதிராளிக்கும் ஒரு நியாயம் இருக்கும் என்பதை இந்தச் சொல்லே ஒப்புக்கொள்கிறது. கோபத்தில் இருப்பவர் இதை மறந்துவிடுவார். சொல் மறப்பதில்லை.

"அவள் நியாயம் கேட்கப் போயிருக்கிறாள்" என்றும் சொல்கிறார்கள். இங்கே நியாயம் என்றால் பதில், தீர்ப்பு, பரிகாரம்.

இதற்குத் தமிழில் பழைய சொற்களும் உண்டு. திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயர் நடுவு நிலைமை. தராசு முள் நடுவில் நிற்பது போன்ற நிலை அது. இன்னொரு சொல் முறை. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச முறை வைக்கிறார்கள். இன்று இவருக்கு, நாளை அவருக்கு. குறை இருந்தால் அதிகாரியிடம் முறையிடுகிறார்கள். வரிசைக்கும் நீதிக்கும் ஒரே சொல். முறை தவறினால் நீதி தவறியது என்று பொருள்.

மலை தாண்டிக் கேரளம் போனால் இந்தச் சொல் ஒரு வேடிக்கை செய்கிறது. மலையாளத்தில் நீதிமன்றத்தில் கொடுக்கும் பிராதுக்குப் பெயர் 'அன்யாயம்'. வழக்குத் தொடுப்பவருக்குப் பெயர் 'அன்யாயக்காரன்'. தமிழ்க்காரர் ஒருவர் தன் நிலத்துக்காக வழக்குப் போட்டு, தன்னையே அன்யாயக்காரன் என்று அழைப்பதைக் கேட்டால் திடுக்கிடத்தான் செய்வார். ஆனால் அதிலும் பொருள் இருக்கிறது. எனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டுதானே நீதிமன்றத்துக்குப் போகிறார்கள்?

இந்தச் சொற்கள் இரண்டு மொழியிலும் புழங்குகிற ஊர் ஒன்று உண்டு. அது சின்னக்கானல். கேரளத்தில் இடுக்கி மாவட்டம், உடும்பஞ்சோலை தாலுகாவில் உள்ள ஒரு மலைப் பஞ்சாயத்து. தேயிலை, ஏலக்காய், பனி. கொஞ்ச தூரத்தில் தமிழ்நாட்டு எல்லை. அங்கே தோட்ட வேலை செய்பவர்களில் நிறையப் பேர் தமிழர்கள். அவர்களுடைய முன்னோர்களைத் தென் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் மலைக்கு அழைத்துப் போனார்கள். ஆனையிறங்கல் என்ற அணையும் நீர்த்தேக்கமும் அங்கேதான் இருக்கின்றன. பெயரைப் பாருங்கள். யானை இறங்குகிற இடம். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சட்டத்தில் நியாயம் என்ற சொல் எங்கே வருகிறது? முதலில் எல்லோரும் மாதாமாதம் போகிற இடத்தில் வருகிறது. ரேஷன் கடையின் பலகையைப் படியுங்கள். நியாய விலைக் கடை என்று எழுதியிருக்கும். இங்கே விலையைக் கடைக்காரர் முடிவு செய்வதில்லை. அரசு முடிவு செய்கிறது. வெளியே அரிசி என்ன விலை விற்றாலும் இங்கே விலை மாறாது. அட்டைக்கு இவ்வளவு என்று எழுதிய அளவைக் கொடுத்தாக வேண்டும். பேரம் பேசத் தெரிந்தவருக்கு ஒரு விலை, தெரியாதவருக்கு ஒரு விலை என்பது இங்கே கிடையாது. சந்தையில் கெஞ்சிக் கேட்ட நியாய விலை, இங்கே விதியாக மாறிவிட்டது. எடையில் குறைத்தால் அது தவறு மட்டும் அல்ல, குற்றம்.

அடுத்தது கூலி. 1948-இல் மத்திய அரசு அமைத்த நியாய ஊதியக் குழு கூலியை மூன்று படிகளாகப் பிரித்தது. முதல் படி குறைந்தபட்சக் கூலி. உயிர் வாழவும், ஓரளவு கல்வி, மருத்துவம் பார்க்கவும் போதுமான கூலி. இதற்குக் கீழே போகவே கூடாது. மேல் படி வாழ்வுக்கூலி. குடும்பம் மானத்தோடும், முதுமையில் பயமில்லாமலும் வாழப் போதுமான கூலி. இரண்டுக்கும் நடுவில் உள்ளது நியாயக் கூலி. தொழில் எவ்வளவு தாங்குமோ, அதைப் பார்த்து அது ஏற வேண்டும். ஆக, குறைந்தபட்சம் கொடுத்துவிட்டால் நியாயம் முடிந்துவிட்டது என்று அந்தக் குழுவே சொல்லவில்லை.

இந்த வேறுபாட்டைப் புத்தகம் பார்க்காமல் நாட்டுக்குச் சொன்னவர்கள் மூணாறு பெண்கள். சின்னக்கானலிலிருந்து மூணாறு அதிக தூரம் இல்லை. 2015 செப்டம்பரில் அங்கே கண்ணன் தேவன் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். முந்தைய ஆண்டு 19 சதவீதம் போனஸ் கிடைத்தது. அந்த ஆண்டு 10 சதவீதம்தான் என்று அறிவிப்பு வந்தது. அதுதான் சண்டையின் தொடக்கம்.

சதவீதம் என்றால் என்ன? நூறு ரூபாய்க்கு எவ்வளவு என்று பொருள். நூறு ரூபாய்ச் சம்பளத்துக்கு 19 ரூபாய் கிடைத்த இடத்தில் 10 ரூபாய்.

கம்பெனி சட்டத்தை மீறியதா? இல்லை. 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. குறைந்தது 8.33 சதவீதம் கொடுக்க வேண்டும் என்றது அது. அதாவது ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, ஒரு மாதச் சம்பளம். அதிக அளவு 20 சதவீதம். 10 என்பது 8.33-ஐ விடக் கூடுதல்தான். லாபம் குறைந்துவிட்டது என்பது கம்பெனியின் நியாயம். கொழுந்து குறையவில்லை, கூடையின் பாரம் குறையவில்லை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு குறையவில்லை என்பது பெண்களின் நியாயம்.

தொழிற்சங்கத் தலைவர்களையும் அவர்கள் கிட்டே சேர்க்கவில்லை. பெண்களுக்காகப் பேசுகிறோம் என்று சொன்னவர்கள் பெண்களைக் கேட்காமலே பேசிவிட்டு வந்தார்கள் என்ற கோபம் இருந்தது. தங்கள் பேச்சைத் தாங்களே பேசினார்கள். அவர்களுடைய கூட்டத்துக்குப் பெம்பிளை ஒருமை என்று பெயர் வந்தது. பெண்கள் ஒற்றுமை என்று பொருள்.

ஒன்பது நாள் போராட்டம். செப்டம்பர் 13-இல் முதலமைச்சர் உம்மன் சாண்டி முன்னிலையில் பேச்சு முடிந்தது. 20 சதவீதம் கிடைத்தது. ஆனால் தாளில் அது எப்படி எழுதப்பட்டது தெரியுமா? போனஸ் 8.33 சதவீதம், கருணைத் தொகை 11.67 சதவீதம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். சரியாக 20 வரும்.

கேட்டது நியாயம். தாளில் பாதிக்கு மேல் கருணை என்று எழுதினார்கள்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? பணம் கையில் வந்தால் போதாதா? போதாது. நியாயமாகக் கொடுக்க வேண்டியது என்று எழுதினால், அடுத்த ஆண்டும் அதைக் காட்டிக் கேட்கலாம். கருணை என்று எழுதினால், கொடுப்பவருக்கு மனம் இரங்கும்போதுதான் வரும். கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு சொல்லையும் படிக்க வேண்டும் என்பது இதனால்தான். எண்ணைப் பார்த்தால் மட்டும் போதாது. எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள சொல்லையும் பார்க்க வேண்டும்.

போனஸ் முடிந்தது. கூலி முடியவில்லை. அப்போது நாள் கூலி 232 ரூபாய். பெண்கள் 500 கேட்டார்கள். மறுபடியும் போராட்டம் நடந்தது. அக்டோபரில் தேயிலைத் தொழிலாளர் கூலி 301 ரூபாய் என்று முடிவானது. 500-க்கும் 232-க்கும் நடுவில் எங்கோ ஒரு புள்ளி. இதை நியாயம் என்று சொல்வதா, சமரசம் என்று சொல்வதா? சமரசம் என்பதுதான் சரியான சொல். இரண்டு பக்கமும் களைத்துப்போய் நின்ற இடம் அது.

301 என்ற எண் சின்னக்கானலில் இன்னொரு காரணத்தால் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் போகும் முன் சட்டத்தில் நியாயம் வரும் மூன்றாவது இடத்தைச் சொல்ல வேண்டும். அதுதான் மூன்றிலும் பெரியது.

ஊர்ப் பெரியவர் சொன்னது நினைவிருக்கிறதா? "உன் நியாயத்தைச் சொல்லு, அப்புறம் அவன் சொல்லட்டும்." இதையே சட்டம் இயற்கை நீதி என்கிறது. ஒருவரைப் பாதிக்கும் முடிவை எடுக்கும் முன் அவர் பக்கத்தைக் கேட்க வேண்டும். தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக உட்காரக் கூடாது. வீட்டில் பலகாரம் பங்கு வைத்தவரைக் கடைசியில் எடுக்கச் சொல்கிறார்களே, அந்த அறிவுதான் இதுவும்.

1977-இல் மேனகா காந்தி என்பவரின் பாஸ்போர்ட்டை மத்திய அரசு பறித்தது. வெளிநாடு போக வேண்டுமானால் இருக்க வேண்டிய அனுமதிப் புத்தகம் அது. காரணம் கேட்டார். சொல்ல மறுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1978-இல் தீர்ப்பு வந்தது. ஒருவருடைய உயிரையோ சுதந்திரத்தையோ தொடுகிற எந்த நடைமுறையும் நியாயமானதாக, நேர்மையானதாக, அறிவுக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். சட்டப் புத்தகத்தில் ஏதோ ஒரு நடைமுறை எழுதியிருந்தால் போதாது, அந்த நடைமுறையே நியாயமாக இருக்க வேண்டும். சாதாரண மனிதர் கடைசி முடிவைப் பார்த்து நியாயமா என்று கேட்கிறார். சட்டம் முடிவுக்குப் போன வழியைப் பார்த்து நியாயமா என்று கேட்கிறது.

இந்த இரண்டு கேள்வியும் நேருக்கு நேர் மோதிய இடம் சின்னக்கானல். ஆண்டு 2023.

அங்கே ஒரு காட்டு யானை. பெயர் அரிக்கொம்பன். மலையாளத்தில் அரி என்றால் அரிசி. அரிசியைத் தேடி வரும் கொம்பன் யானை. வீடுகளின் சுவரை இடித்து அரிசி தின்னும். பன்னியாறு எஸ்டேட்டில் இருந்த ரேஷன் கடையைப் பலமுறை உடைத்தது. ஆம், நியாய விலைக் கடையைத்தான்! மாத அரிசி மண்ணில் சிந்திக் கிடந்தால் தோட்டத் தொழிலாளி வீட்டில் என்ன செய்வார்கள்? அந்தப் பகுதியில் யானைகளால் உயிரிழந்தவர்களும் உண்டு. இருட்டிய பிறகு கழிப்பறைக்குப் போகப் பயம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பப் பயம். யானையைப் பிடித்துக் கொண்டுபோய் முகாமில் கட்டிப்போடுங்கள் என்று மக்கள் கேட்டார்கள். அது அவர்கள் நியாயம்.

அரசு ஒப்புக்கொண்டது. கும்கி யானைகளும் வந்து சேர்ந்தன. பிடிக்க நாளும் குறித்தார்கள். அதற்குள் விலங்குகளுக்காகப் பாடுபடும் அமைப்புகள் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போயின. மார்ச் 23 இரவு நீதிமன்றம் தனியாகக் கூடி இடைக்காலத் தடை விதித்தது.

யானைக்கு என்ன நியாயம் இருக்க முடியும் என்று கேட்கலாம். இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் யானை முதல் பட்டியலில் உள்ளது. மிக உயர்ந்த பாதுகாப்பு அது. மனித உயிருக்கு ஆபத்து என்றால் அதைப் பிடிக்கத் தலைமை வன உயிர்க் காப்பாளர் உத்தரவு போடலாம். ஆனால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். பேசாத விலங்கைப் பற்றி முடிவு செய்வதற்கும் சட்டம் ஒரு முறை வைத்திருக்கிறது. அரசியல் சட்டமும் உயிர்களிடம் இரக்கம் காட்டுவதைக் குடிமக்களின் கடமை என்கிறது.

மார்ச் 29-இல் நீதிமன்றம் ஐந்து பேர் கொண்ட நிபுணர் குழுவை அமைத்தது. யானையைப் பிடித்து முகாமில் அடைக்கக் கூடாது என்றது. ஒரு யானையை அகற்றினால் பிரச்சினை தீர்ந்துவிடுமா என்று கேட்டது. யானை வாழும் இடத்தில் மனிதர்களைக் குடியேற்றியது ஏன் என்றும் கேட்டது. மறுநாளே இடுக்கியின் மலைப் பஞ்சாயத்துகளில் கடையடைப்பு நடந்தது. பேருந்துகளை மறித்தார்கள். எங்கோ கொச்சியில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள், இரவில் கதவுக்குப் பின்னால் நிற்பது நாங்கள் அல்லவா என்பது மக்களின் ஆத்திரம்.

ஏப்ரல் 5-இல் நீதிமன்றம் ஒரு வழி சொன்னது. குழுவின் யோசனைப்படி யானையைப் பறம்பிக்குளத்துக்கு மாற்ற வேண்டும். பறம்பிக்குளம் எங்கே இருக்கிறது? பாலக்காடு மாவட்டத்தில். அதை ஒட்டிய முதலமடைப் பஞ்சாயத்து மாந்தோட்டங்களுக்குப் பேர்போனது. இப்போது அவர்கள் தெருவில் இறங்கினார்கள். இடுக்கிக்கு ஆபத்தான யானை பாலக்காட்டுக்கு மட்டும் ஆபத்து இல்லையா? முடிவு எடுக்கும் முன் எங்களைக் கேட்டீர்களா? இந்தக் கேள்வியில் தவறு சொல்ல முடியாது. சின்னக்கானல் மக்கள் கேட்டதும் இதே கேள்விதான்.

கேரள அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஏப்ரல் 17-இல் அங்கே மறுத்துவிட்டார்கள். பறம்பிக்குளம் வேண்டாம் என்றால் வேறு இடத்தை அரசே சொல்லட்டும் என்று உயர் நீதிமன்றம் வாய்ப்புக் கொடுத்தது. அரசு ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் இந்தமுறை இடத்தின் பெயரை முன்கூட்டி வெளியே சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பது புரிகிறது. சொன்னால் அங்கேயும் மறியல் நடக்கும். அதிகாரிகளின் சங்கடம் உண்மையானது. ஆனால் பெயர் தெரியாத இடத்தைப் பற்றி யார் போய்த் தங்கள் நியாயத்தைச் சொல்ல முடியும்? முதலமடை மக்களுக்குச் சத்தம் போட நேரம் கிடைத்தது. அவர்கள் பக்கம் கேட்கப்பட்டது. அடுத்த ஊருக்கு அந்த நேரமே கிடைக்கவில்லை. வேலை சுலபமாக முடிய வேண்டும் என்பதற்காக ஒருவரைக் கேட்காமல் விடுவது எவ்வளவு நல்ல நோக்கத்தோடு நடந்தாலும், நியாயத்தில் அது ஓர் ஓட்டை.

ஏப்ரல் 29-இல் யானைக்கு மயக்க ஊசி போட்டார்கள். நான்கு கும்கிகள் தள்ளின. மழை கொட்டியது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு யானை லாரியில் ஏறியது. கழுத்தில் ரேடியோ பட்டை கட்டினார்கள். மறுநாள் பெரியாறு புலிகள் காப்பகத்தில் இறக்கிவிட்டார்கள்.

யானைக்கு மாநில எல்லை தெரியுமா? ஒரு மாதம்கூட ஆகவில்லை. மே 27-இல் தேனி மாவட்டம் கம்பம் நகரத் தெருவில் அரிக்கொம்பன் ஓடியது. 144 தடை போட்டார்கள். கடைகள் மூடின. கம்பத்து மக்களுக்குத் தங்கள் பக்கத்தைச் சொல்ல எந்த நீதிமன்றத்திலும் முறை வந்திருக்கவில்லை. ஜூன் 5-இல் தமிழ்நாடு வனத்துறை யானையை மறுபடியும் பிடித்தது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில், மேல் கோதையாறு காட்டில் கொண்டுபோய் விட்டது. அந்தப் பக்கத்து ஊர்களிலும் பயம் வந்தது. வரத்தானே செய்யும்?

இப்போது 301-க்கு வருவோம்.

சின்னக்கானலில் ஒரு குடியிருப்பு இருக்கிறது. பெயரே 301 காலனி. 301 குடும்பங்களுக்கு நிலம் கொடுத்ததால் வந்த பெயர். அது எப்படி வந்தது? 2001-இல் கேரளத்தின் ஆதிவாசிகள் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். சி.கே. ஜானு தலைமை தாங்கினார். 48 நாள் போராட்டம். காட்டையும் நிலத்தையும் இழந்த மக்கள் தங்களுக்கு நிலம் கேட்டார்கள். நிலம் தருவதாக ஏ.கே. அந்தோணி அரசு ஒப்பந்தம் செய்தது. அதன் பிறகு ஒதுக்கப்பட்ட நிலங்களில் ஒன்றுதான் இந்தச் சின்னக்கானல் நிலம்.

கேட்டது நியாயம். கொடுத்ததும் நியாயம். ஆனால் கொடுத்த இடம் எது? ஆனையிறங்கல் பக்கம். யானைகள் தண்ணீருக்கு இறங்கும் வழி. யானை நடமாடும் நிலம் இது, மனிதர்களைக் குடிவைக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை வனத்துறைப் பக்கமிருந்து அப்போதே எழுந்தது. அது எடுபடவில்லை. குடும்பங்கள் வந்தன. வீடு கட்டின. கப்பை நட்டன. யானை வந்தது. பல குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டன. நிலம் தாளில் இருக்கிறது, குடியிருக்க ஆள் இல்லை.

எண்ணிக்கையைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. 301 குடும்பம், 301 பங்கு, எல்லோருக்கும் சமம். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே அளவு முறுக்கு. ஆனால் சமமாகக் கொடுப்பது வேறு, நியாயமாகக் கொடுப்பது வேறு. வாழ முடியாத இடத்தைச் சமமாகப் பிரித்தால் என்ன நியாயம்? யாருக்கு நிலமே இல்லையோ, வேண்டாம் என்று சொல்லும் வசதி யாருக்கு இல்லையோ, அவர்களுக்கு அந்த இடம் போய்ச் சேர்ந்தது.

2023-இல் நீதிமன்றம் கேட்ட கேள்வியை நினைத்துப் பாருங்கள். இங்கே மனிதர்களை ஏன் குடியேற்றினீர்கள்? மிகச் சரியான கேள்வி. இருபது ஆண்டுகளுக்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஆனால் தங்கியிருக்கும் ஒரு தாய்க்கு அது எப்படிக் கேட்கும்? நீ ஏன் இங்கே வந்தாய் என்று கேட்பது போலக் கேட்கும். அவள் தானாக வரவில்லை. அரசு அழைத்து வந்தது. அவளை மாற்ற வேண்டுமானால் வேறு நல்ல நிலத்தைக் காட்டி, அவள் சம்மதத்தைக் கேட்டு மாற்ற வேண்டும். அரிக்கொம்பனுக்கு இடம் பார்க்க ஐந்து நிபுணர்கள் இருந்தார்கள். அது தேவைதான். அந்தக் குடும்பங்களுக்கு நிலம் பார்த்தபோதும் அப்படி ஒரு குழு தேவைப்பட்டிருக்கும்.

இப்படிப்பட்ட நிலையில் சாதாரண மக்கள் என்ன செய்ய முடியும்? சில வழிகள் இருக்கின்றன. அரசு அலுவலகம் ஒரு முடிவு எடுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம். 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம் அதற்கு உதவும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் கிடையாது. கிராம சபையில் எழுந்து பேசலாம். பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று படித்துப் பார்க்க வேண்டும். வழக்குப் போடப் பணம் இல்லை என்றால், 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வழக்கறிஞர் கிடைப்பார். பெண்களும் குழந்தைகளும், தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும், தொழிற்சாலைத் தொழிலாளர்களும் இதைப் பெறலாம். பெண்களும் பழங்குடியினரும் வருமானச் சான்று காட்ட வேண்டியதில்லை. பெரும்பாலும் தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே இதற்கு ஓர் அலுவலகம் இருக்கும். தொலைபேசி எண் 15100.

காட்டு விலங்கால் உயிரோ பயிரோ போனால் கேரளத்தில் இழப்பீடு பெற 1980-இலேயே விதிகள் வந்துவிட்டன. விண்ணப்பம் கொடுத்தால் தேதி போட்ட ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். தாளில் அதற்குக் கருணை என்று பெயர் போட்டிருக்கிறார்களா, இழப்பீடு என்று போட்டிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். மூணாறு பெண்களின் 11.67 சதவீதம் நினைவிருக்கட்டும்.

அரிக்கொம்பன் போன பிறகு சின்னக்கானலில் யானைப் பயம் தீர்ந்துவிட்டதா? தீரவில்லை. சக்கைக்கொம்பன் என்று இன்னொரு யானை. மலையாளத்தில் சக்கை என்றால் பலாப்பழம். அதுவும் வேறு யானைகளும் அங்கேயே இருந்தன. வெயில் ஏறினால் அவை கூட்டமாக நீர்த்தேக்கத்துக்கு இறங்கும். போகும் வழியில்தான் அந்தக் காலனி இருக்கிறது.